தாழப் பறந்து சுடுதல்: முதல் பாய்ச்சலும் இரண்டாவது பாய்ச்சலும்

இரண்டாம் உலகப் போரில், வானத்துச் சண்டையில் 15, 20 ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய அமெரிக்க விமானிகள் பலர், தரையில் நின்றுகொண்டிருந்த விமானங்களைச் சுடப் போய்ப் பிடிபட்டார்கள் அல்லது இறந்தார்கள். நகராத இலக்கைச் சுடுவதில் அப்படி என்ன ஆபத்து, அந்தத் தாக்குதலை எப்படித்தான் செய்தார்கள் என்பது கேள்வி.

கேள்வி சரியானதுதான். டுவேன் பீசன் 1944 ஏப்ரல் 5-இல் விழுந்தார். ஜேம்ஸ் குட்சன் அதே ஆண்டு ஜூன் 20-இல் நாய்பிராண்டன்பர்க் தளத்தில் விழுந்தார். கிளென் டங்கன் ஜூலை 7-இலும், 28 விமானங்களை வீழ்த்தியிருந்த ஃபிரான்சிஸ் கேப்ரெஸ்கி ஜூலை 20-இலும் விழுந்தார்கள். நால்வரும் விமானத் தளத்தைத் தாக்கும்போதுதான் விழுந்தார்கள். ஒருவரைக்கூட ஜெர்மன் போர் விமானம் வீழ்த்தவில்லை. இலக்கு நகராது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றிலும் பீரங்கிகள் காத்திருந்தன, அடியில் மண் காத்திருந்தது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943 முடியும்வரை இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்கப் போர் விமானங்களின் முதல் கடமை குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகாமல் காவல் காப்பது. 1944 ஜனவரியில் அமெரிக்காவின் எட்டாவது வான்படையின் தலைமைக்கு ஜேம்ஸ் டூலிட்டில் வந்ததும் அந்தக் கட்டு தளர்ந்தது. ஜெர்மன் விமானங்களை எங்கே கண்டாலும் துரத்தி அழிக்கலாம் என்றானது. காவல் முடிந்து திரும்பும் வழியில் தோட்டா மிச்சமிருந்தால் கீழே இறங்கிச் சுடலாம் என்பது அதன் அடுத்த படி. போர் விமானப் பிரிவின் தலைவர் வில்லியம் கெப்னர், தரையில் அழித்த விமானத்தையும் வானில் வீழ்த்தியதற்கு இணையாக விமானியின் கணக்கில் சேர்த்தார். அந்த அளவுக்கு இதை ஊக்குவித்தார்கள். 1944 மார்ச்சில் நான்கு படைக்குழுக்களிலிருந்து தன்னார்வ விமானிகளைத் திரட்டி, டங்கன் தலைமையில் ஒரு சோதனைக் குழு அமைத்தார்கள். ‘பில்ஸ் பஸ் பாய்ஸ்’ என்று அதற்குப் பெயர். சில வாரங்களே இயங்கிய அந்தக் குழுவின் வேலை, தாழப் பறந்து தாக்கும் வழிமுறைகளை நேரடியாகச் செய்து பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வது. அந்தப் பாடத்தை எழுதிய டங்கனே நான்கு மாதத்தில் அதே வேலையில் வீழ்ந்தார் என்பதிலிருந்து இதன் கடுமை புரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஏன் அவ்வளவு தாழப் பறக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். மணிக்கு 640 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 180 மீட்டர். அந்த வேகத்தில் 1,000 மீட்டர் தொலைவில் ஒரு விமானம் குறுக்கே போனால், பீரங்கிக்காரர் தன் குழாயை நொடிக்கு 10 பாகை திருப்பினால் போதும், நிதானமாகத் தொடரலாம். அதே விமானம் பனைமர உயரத்தில், 100 மீட்டர் தள்ளிப் பறந்தால் நொடிக்கு 100 பாகை திருப்ப வேண்டும். கையால் சுழற்றும் பீரங்கியால் அது முடியாது. தவிர, மர வரிசைக்கு மேல் விமானம் தலைகாட்டும்போதுதான் அது கண்ணில் படும். அங்கிருந்து தளத்தின் வேலி 800 மீட்டர் என்றால் நாலரை நொடி. அதற்குள் பார்த்து, நம்முடையதா எதிரியுடையதா என்று முடிவு செய்து, இருக்கையில் உட்கார்ந்து, திருப்பிச் சுட வேண்டும்.

ஜெர்மானியர் தளங்களைச் சுற்றி வைத்திருந்தவை பெரும்பாலும் 2 செ.மீ., 3.7 செ.மீ. பீரங்கிகள். 2 செ.மீ. ஃபிளாக் 38 நிமிடத்துக்கு 420 முதல் 480 குண்டு சுடும். ஆனால் பெட்டியில் 20 குண்டுதான். மூன்று நொடியில் பெட்டி காலி, மாற்ற வேண்டும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் நான்கு குழாய்களை ஒரே பீடத்தில் ஏற்றி ஃபிளாக்ஃபீர்லிங் செய்தார்கள். அதில் இரண்டு மிதிகள் உண்டு. ஒன்றை மிதித்தால் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு குழாய்கள் சுடும், அதற்குள் மற்ற இரண்டுக்கும் பெட்டி மாற்றிவிடுவார்கள். விமானிகள் மிகவும் அஞ்சியது இதற்குத்தான். அனுபவமுள்ள பீரங்கிப் பிரிவுகள் விமானத்தைக் குறிபார்க்கவே மாட்டார்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்ததும், தளத்தின் அந்த ஓரத்தில் தாழ்வான உயரத்தில் எல்லாக் குழாய்களாலும் சுட்டு ஒரு குண்டு வேலி போடுவார்கள். விமானம் தானாக வந்து அதில் நுழைய வேண்டியதுதான். ஆனால் அப்படி வேலி போட, வரும் திசை முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பாய்ச்சலில் அவர்களுக்கு அது தெரியாது. இரண்டாவது பாய்ச்சலில் தெரியும். மொத்த விஷயமும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

அதனால் அணுகுமுறை முழுவதும் அந்த ஒரு முதல் பாய்ச்சலைக் காப்பாற்றத்தான். தளத்தை உயரத்திலிருந்து பார்த்தால் வட்டமடிக்கக் கூடாது. எங்கோ போகிறவர்கள்போல நேராகக் கடந்துவிட வேண்டும். கடக்கும்போதே விமானங்கள் எந்த ஓரத்தில் நிற்கின்றன, பீரங்கிக் குழிகள் எங்கே, உள்ளே வர உதவும் ரயில் பாதை, ஆறு, தேவாலயக் கோபுரம் எது என்று மனத்தில் குறித்துக்கொள்வார்கள். பிறகு 20, 30 கி.மீ. தள்ளிப் போய், பார்வைக்கு மறைந்தபின் கீழே இறங்கி, மரங்களின் தலையை உரசிக்கொண்டு திரும்பி வருவார்கள். வானொலியில் பேச்சு கிடையாது. உதிரி எரிபொருள் டேங்குகளை அதற்கு முன்பே கழற்றிவிட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அவற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு பீரங்கித் தீக்குள் போவது தற்கொலை. முஸ்டாங் என்ற போர் விமானத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விமானியின் முதுகுக்குப் பின்னால் உள்ள 85 கேலன் டேங்க் நிறைந்திருந்தால் எடை மையம் பின்னால் போய்விடும், விமானத்தை இயக்கும் கைப்பிடிக் கட்டையைப் பலமாக இழுத்தால் விமானம் கைமீறும். அதைப் பெருமளவு காலி செய்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடந்த தவறு, வழி பிசகுவது. மர உயரத்தில் பறக்கும்போது பார்வை எட்டும் தூரம் மிகக் குறைவு. 20 கி.மீ. தொலைவில் திசை 3 பாகை தவறினால் தளத்தை ஒரு கி.மீ. தள்ளித்தான் கடப்பீர்கள். அப்போது பக்கவாட்டில் தளம் தெரிந்ததும் சட்டென்று திரும்பி உள்ளே பாயத் தோன்றும். திரும்பினால் விமானம் சரிந்து, அடிவயிற்றை முழுதாகக் காட்டும், வேகமும் குறையும். பீரங்கிகள் விழித்துக்கொண்டிருக்கும். தவறவிட்டால் அப்படியே போய்விடு, வேறு தளம் பார் என்பதுதான் விதி. அதைக் கடைப்பிடிக்கப் பெரிய மன அடக்கம் வேண்டும்.

ஒருவர் பின் ஒருவராகப் போவதில்லை. நால்வரோ எண்மரோ பக்கவாட்டில் ஒரே வரிசையாக, ஒரே நொடியில் வேலியைத் தாண்டுவார்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் பீரங்கிக்காரருக்கு யாரைச் சுடுவது என்று குழம்பும். வால்பிடித்து வந்தால் முதல் ஆளுக்குச் சுட்டது தவறி இரண்டாம் ஆளுக்கு விழும், நாலாம் ஆளுக்குக் குறி சரியாகவே அமைந்துவிடும். வரிசையில் ஒவ்வொருவரும் தமக்கு நேரே உள்ள கோட்டில் என்ன நிற்கிறதோ அதைத்தான் சுட வேண்டும். பக்கத்துக் கோட்டில் நல்ல இலக்கு தெரிகிறதென்று மூக்கைத் திருப்பினால், பக்கத்தில் பறப்பவரின் சூட்டுக்குள் நுழைய நேரிடும். ஒரு பிரிவு எப்போதும் மேலே காவல் நிற்கும். எதிரி விமானம் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் அதன் வேலையல்ல, எந்த இடத்தில் பீரங்கி மின்னுகிறது என்று கீழே உள்ளவர்களுக்குச் சொல்வதும் அதன் பொறுப்பு. ஒரே தளத்தை நீண்ட நேரம் தாக்குவதென்றால், முதலில் ஒரு நால்வர் குழு விமானங்களை விட்டுவிட்டுப் பீரங்கிக் குழிகளை மட்டும் சுடும். ஆட்களைக் கொல்ல வேண்டியதில்லை, மணல் மூட்டைக்குப் பின்னால் அவர்கள் ஐந்து நொடி தலை குனிந்திருந்தால் போதும்.

அடுத்து, துப்பாக்கிகள். தண்டர்போல்ட் விமானத்துக்கு 12.7 மி.மீ. பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி எட்டு, முஸ்டாங் டி வகைக்கு ஆறு. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 தோட்டா. ஆறும் சேர்ந்தால் நொடிக்கு 80. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் முஸ்டாங்கின் உள்பக்கத் துப்பாக்கிகள் இரண்டுக்கும் தலா 400 தோட்டா, மற்ற நான்குக்கும் தலா 270 தோட்டாதான். 20 நொடி சுட்டால் நான்கு துப்பாக்கிகள் ஓய்ந்துவிடும், கடைசி 10 நொடிக்கு இரண்டு மட்டுமே மிஞ்சும். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் வேறு கேடும் உண்டு: குழாய் சூடேறித் தேயும், தோட்டாக்கள் சிதறிப் போகும். ஆகவே இரண்டு மூன்று நொடிக்கு மேல் அழுத்துவதில்லை. முந்தைய முஸ்டாங் பி வகையில் துப்பாக்கிகள் நான்குதான், மெல்லிய இறக்கைக்குள் அவற்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டை இழுத்துத் திரும்பிக்கொண்டே சுட்டால் தோட்டாப் பட்டை சிக்கிக்கொள்ளும். டி வகையில் நிமிர்த்தி வைத்தபின்தான் அந்தத் தொல்லை குறைந்தது.

இறக்கைத் துப்பாக்கிகள் நேராகச் சுடுவதில்லை. இடமும் வலமும் சற்று உள்நோக்கித் திருப்பி, 230 முதல் 275 மீட்டர் தொலைவில் எல்லாத் தோட்டாவும் ஒன்றுகூடும்படி ஆயுதப் பிரிவினர் பொருத்துவார்கள். அந்தத் தொலைவில் இலக்கு இருந்தால் ஒரு கதவளவு பரப்பில் அத்தனையும் இறங்கும், எஞ்சினைப் பிளந்துவிடும். அதன் இரண்டு மடங்குத் தொலைவில் இடப்பக்கத் தோட்டா வலப்பக்கமும், வலப்பக்கத் தோட்டா இடப்பக்கமும் போயிருக்கும். நடுவில் நிற்கும் மெல்லிய உடல் தப்பிவிடலாம். புதியவர்கள் 1,000 மீட்டரிலேயே விசையை அழுத்துவார்கள். தோட்டா இலக்குக்கு முன்னாலேயே மண்ணைக் கிளப்பும், அந்தப் புழுதி இலக்கையே மறைத்துவிடும். தேர்ந்தவர்கள் 500, 600 மீட்டரில் சிறிது சுட்டு மண் தெறிக்கும் இடத்தைப் பார்த்து, அதை இலக்கின் மேல் நகர்த்திக்கொண்டுபோய், 300 மீட்டரில் நன்றாக அழுத்துவார்கள். கவசத்தைத் துளைத்துத் தீயும் வைக்கும் எம்8 வகைத் தோட்டா 1944-இல் பரவலாக வந்தது. அது உலோகத்தில் படும்போது வெள்ளையாக மின்னும், அதனால் பட்டதா இல்லையா என்பது விமானிக்கு உடனே தெரியும்.

குறிக்கண்ணாடியில் இலக்கு நடுவில்தான் இருக்கிறது, ஆனால் தோட்டாக்கள் எல்லாம் ஓரமாகப் போகின்றன. இதற்குப் பெரும்பாலும் துப்பாக்கி காரணமல்ல, கால்தான் காரணம். வேகம் கூடக்கூட ஒற்றைப் புரொப்பெல்லர் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிறு பந்து உண்டு. அது நடுவில் நிற்கும்படி, வாலிலுள்ள சுக்கானை (ரடர்) அசைக்கும் மிதியை அழுத்திச் சரிசெய்ய வேண்டும். பந்து ஒரு பந்தளவு விலகியிருந்தாலே விமானம் மூக்கு காட்டும் திசையில் போகவில்லை என்று பொருள், தோட்டாவும் குறியை விட்டு விலகும். வானத்துச் சண்டையில் சுட்டுப் பழகியவர்கள்கூட தரைக்கு அருகில் பதற்றத்தில் இதை மறந்தார்கள்.

மிகத் தாழப் பறந்தால் சுடவும் முடியாது, துப்பாக்கி எதிரே உள்ள மரத்தைத்தான் பார்க்கும். ஆகவே வேலிக்கு அருகில் வந்ததும் 40, 50 மீட்டர் எழும்பி, மூக்கைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். 50 மீட்டர் உயரத்திலிருந்து 600 மீட்டர் தொலைவு என்றால் சாய்வு 5 பாகைக்கும் குறைவு. அந்தச் சாய்வில் விமானம் நொடிக்கு 15 மீட்டர் இறங்கும். கட்டை இழுக்க முடிவெடுக்க அரை நொடி, புவியீர்ப்பின் நான்கு மடங்கு விசையில் இழுத்து இறக்கத்தை நிறுத்த மேலும் அரை நொடி. இந்த ஒரு நொடியில் 11 மீட்டர் உயரம் போய்விடும். சாய்வு 10 பாகையானால் இறக்கம் நொடிக்கு 31 மீட்டர், மீண்டு எழ 32 மீட்டர் தேவை. சாய்வு இரட்டிப்பானால் தேவைப்படும் உயரம் மூன்று மடங்காகிறது. இலக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கூடுதலாக அரை நொடி அப்படியே இருந்தவர்கள் இலக்கின் மேலேயே போய் மோதினார்கள். வெடித்த விமானத்தின் எஞ்சின் துண்டுகள் எழும்பி வந்து ரேடியேட்டரில் பட்டதும் உண்டு.

கேப்ரெஸ்கிக்கு நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அன்றோடு ஊருக்குப் போக வேண்டியவர், இன்னும் ஒரு முறை பறக்கிறேன் என்று கேட்டுக் கிளம்பினார். கோப்லன்ஸ் அருகே பாசென்ஹைம் தளம். ஹெய்ங்கெல் 111 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் நின்றிருந்தன. முதல் பாய்ச்சலில் திருப்தி இல்லாமல் மறுபடி வந்தார். தோட்டாக்கள் இலக்குக்கு மேலே போவதைப் பார்த்து மூக்கைச் சற்றுத் தாழ்த்தினார். தண்டர்போல்ட்டின் பெரிய புரொப்பெல்லர் தரையில் உரசி, இதழ் நுனிகள் வளைந்தன. எஞ்சின் கிடுகிடுவென்று உதறியது, பறக்க முடியவில்லை. வயிற்றை உரசி இறக்கிவிட்டு ஓடினார், ஐந்து நாள் மறைந்து திரிந்து பிடிபட்டார். அவரை வீழ்த்த ஒரு குண்டும் தேவைப்படவில்லை, சில அங்குலம் போதுமாயிருந்தது.

சுட்டு முடித்தபின் வெளியேறுவதுதான் மிக மோசமான கட்டம். தளத்தைத் தாண்டியதும் மூச்சு விட்டு, கட்டை இழுத்து மேலே போகத் தோன்றும். கட்டாயம் கூடாது. மேலே எழுந்தால் வேகம் குறையும், பின்னால் இருக்கும் எல்லாப் பீரங்கிக்கும் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு விரிந்த இறக்கையோடு தெரிவீர்கள். இரண்டு மூன்று கி.மீ. வரை தரையோடு ஒட்டியே போக வேண்டும். ரடரை மிதித்து விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டால் பின்னாலிருந்து குறிபார்ப்பவருக்கு மூக்கு ஒரு திசை, போகும் பாதை வேறு திசையாகத் தெரியும்.

குண்டு பட்டால் என்ன ஆகும் என்பது எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. தண்டர்போல்ட்டின் 18 சிலிண்டர் எஞ்சின் காற்றால் குளிர்வது, ஓரிரு சிலிண்டர் உடைந்தும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வீடு சேர்ந்தவை உண்டு. முஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த திரவத்தால் குளிர்வது. ரேடியேட்டர் அடிவயிற்றில், அதற்குப் போகும் குழாய்கள் உடலின் அடிப்பகுதியில். கீழிருந்து வரும் சாதாரண ரைஃபிள் தோட்டா ஒன்று குழாயில் பட்டாலே போதும். முதலில் வெள்ளை ஆவி, பிறகு வெப்பமானியின் முள் ஏறும், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். முள் திடீரென்று இறங்கினால் நல்லது என்று நினைக்கக் கூடாது, அளக்கத் திரவமே இல்லை என்றும் பொருள்படலாம். அந்த நேரத்தில் விமானிக்கு இருக்கும் ஒரே செல்வம் வேகம். நொடிக்கு 180 மீட்டர் வேகத்தை உயரமாக மாற்றினால் கணக்குப்படி 1,600 மீட்டர் வரும், காற்றுத் தடையில் பெரும்பகுதி போனாலும் பாராசூட்டில் குதிக்கப் போதும். தளத்தின் எல்லை தாண்டியபின் செய்ய வேண்டியது அது. சுட்டு முடிக்கும் ஆசையில் வேகத்தைக் குறைத்து வந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். என்னைக் கேட்டால், தரைத் தாக்குதலுக்கு முஸ்டாங் தவறான விமானம். நீண்ட தூரம் போகக்கூடியது என்பதால் பயன்படுத்தினார்கள்.

வீழ்ந்தவரைத் தூக்கிவரத் தரையிறங்கியவர்களும் உண்டு. 1944 ஆகஸ்ட் 18-இல் பிரான்சில் விழுந்த பெர்ட் மார்ஷலை, ராய்ஸ் பிரீஸ்ட் வயலில் இறங்கி, ஒற்றை இருக்கை முஸ்டாங்கில் மடிமேல் மடியாக ஏற்றிக் கொண்டுவந்தார். அக்டோபர் 3-இல் நோர்ட்லிங்கன் தளத்தைத் தாக்கி விழுந்த ஹென்றி பிரௌனுக்காக 355-வது படைக்குழுவின் சார்ல்ஸ் லென்ஃபெஸ்ட் இறங்கினார். சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. இருவரும் சிறைப்பட்டார்கள்.

அழித்த கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசையை அழுத்தினால் 16 மி.மீ. கேமராவும் சேர்ந்து ஓடும். படத்தில் தீப்பிடித்தால் ‘அழிக்கப்பட்டது’, இல்லையென்றால் பெரும்பாலும் ‘சேதம்’. 1944 மே மாதத்திலிருந்து எண்ணெய் ஆலைகள் மீது விழுந்த குண்டுகளால் ஜெர்மனியில் விமான எரிபொருள் வறண்டது. டேங்க் காலியான விமானத்தில் எத்தனை தோட்டா இறங்கினாலும் தீ எழாது. அப்படித்தான் எரியாத விமானத்தைப் பார்த்து மீண்டும் மீண்டும் பாய்ந்தார்கள். பீரங்கிகள் சூழ நிறுத்திவைத்த பொம்மை விமானங்களும், உடைந்துபோன பழைய விமானங்களும் இதே பொறியின் இன்னொரு வடிவம்.

ஜெர்மானியர்களும் இதே விலையைக் கொடுத்தார்கள். 1945 ஜனவரி 1 காலையில் பெல்ஜியம், ஹாலந்து, பிரான்சிலிருந்த நேசநாட்டுத் தளங்களைத் தாக்க ஏறக்குறைய 900 விமானங்களை அனுப்பினார்கள். போடன்பிளாட்டே என்பது அந்த நடவடிக்கையின் பெயர். சரியான பயிற்சியில்லாத இளம் விமானிகள் வழி தவறினார்கள், ஒரே தளத்தின் மேல் திரும்பத் திரும்ப வந்தார்கள். இரகசியம் காக்கிறோம் என்று சொந்தப் பீரங்கிப் பிரிவுகளுக்கே சரியாகத் தகவல் சொல்லாததால், அவை தம் விமானங்களையே சுட்டன. ஒவ்வொரு தரப்பிலும் ஏறக்குறைய 300 விமானங்கள் போயின. ஆனால் நேசநாடுகள் இழந்தவை பெரும்பாலும் ஆளில்லாமல் நின்றவை. ஜெர்மனி இழந்தது 200-க்கும் மேற்பட்ட விமானிகளை, அவர்களில் பல அனுபவமிக்க தலைவர்களை.

அந்தக் கணக்கு 1945 ஏப்ரலில் அமெரிக்கர்களுக்கும் பொருந்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1944 வசந்தத்தில் ஜெர்மானிய விமானத்தை அழிக்க ஒரு விமானியைப் பணயம் வைத்ததற்குக் காரணம் இருந்தது, அந்த விமானங்கள் மறுநாள் பறந்து வந்து குண்டுவீச்சுக்காரர்களைக் கொன்றிருக்கும். நார்மண்டித் தரையிறக்கத்தின்போது அவை எழும்ப முடியாமல் போனதற்கு இந்தத் தாக்குதல்களும் ஒரு காரணம். ஒரு வருடம் கழித்து நிலைமை வேறு. 1945 ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 700-க்கு மேற்பட்ட விமானங்களைத் தரையில் அழித்ததாக எட்டாவது வான்படை கணக்குக் கொடுத்தது. 339-வது படைக்குழு மட்டும் 118, நான்காவது படைக்குழு 105. அவற்றில் பெரும்பகுதி எரிபொருளோ விமானியோ இல்லாமல் காட்டோரங்களில் நின்றவை. அதற்கு விலையாக அன்று முப்பதுக்கு மேற்பட்ட போர் விமானங்கள் திரும்பவில்லை. போர் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள், ஏப்ரல் 17. தரைத் தாக்குதலில் எட்டாவது வான்படையிலேயே அதிகமாக, 27 விமானங்களைக் கணக்கில் வைத்திருந்த எல்வின் ரிகெட்டி, டிரெஸ்டன் அருகே ஒரு தளத்தைத் தாக்கினார். அன்று மட்டும் ஒன்பது. மீண்டும் மீண்டும் பாய்ந்ததில் குண்டு பட்டது, வயல்வெளியில் வயிற்றால் இறக்கினார். வானொலியில் பேசினார்: மூக்கு உடைந்திருக்கிறது, மற்றபடி நலம், வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.